இரண்டு கணக்கிலும் வராதவள்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, இறந்து ஒரு வாரமான பெண்ணொருத்தியை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்காரவைத்து, எடை பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்ததில் எவருக்கும் குறையில்லை. வரவேண்டிய நிலையில் அவளை வைத்திருந்தார்களே, அதுதான் குறை. அதைக் குறையென்று ஒப்புக்கொள்ளவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது அதனினும் பெரிய குறை.

அவள் ஒரு கொத்தனாரின் மனைவி. நிறைமாதத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டுச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. நிலையத்தில் இரத்தமும் இல்லை, வண்டியும் இல்லை. அரசு வண்டி நிற்பது பெரிய மருத்துவமனையில். அது வந்து திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று, காய்கறி ஏற்றும் வண்டியொன்றில் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்துகொண்டிருக்கையில் அவள் இறந்தாள். உயிரில்லாமல் வந்தவர் எங்கள் கணக்கில் வரமாட்டார் என்றது மருத்துவமனை. நாங்கள் உயிரோடு அனுப்பியவர் எங்கள் கணக்கிலும் வரமாட்டார் என்றது சுகாதார நிலையம். மாத அறிக்கையில் இறப்பு நிகழ்ந்த இடத்துக்கு வீடு, நிலையம், மருத்துவமனை என மூன்றே கட்டங்கள் இருந்தன. ஆகவே அவளை அடக்கம் செய்து, கொத்தனாரே தம் கையால் சிமெண்டு பூசி முடித்த பின்னரும், கர்ப்பிணிகளின் பட்டியலில் அவள் பெயர் அப்படியே நின்றது. இறந்தாள் என்று முடிக்கவேண்டிய வாக்கியத்தை எழுவாயோடு நிறுத்திவிட்டார்கள். பெயர் நின்றதால் அவளும் வந்தாள்.

செவ்வாய்தோறும் வந்தாள். கையில் பரிசோதனை அட்டையோடு பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். மற்ற பெண்கள் முதல் இரண்டு வாரம் எழுந்து நின்றார்கள். மூன்றாம் வாரம் கால் வலித்ததால் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவளுடைய எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரத்த அழுத்தக் கருவியில் பாதரசம் அசையவேயில்லை. செவிலியர் 110/70 என்று எழுதினார். அவர் நெடுங்காலமாக எல்லாருக்கும் அதைத்தான் எழுதிவந்தார். எல்லாம் முடிந்தபின், எல்லாக் கர்ப்பிணிகளையும் போலவே, "இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்?" என்று அவள் கேட்பாள். "பொறுமையா இரும்மா" என்று செவிலியர் சொல்வார். பிறகு அவள் ரயில்வே கேட் வரை நடந்துபோவாள். அதற்கப்பால் அவளைக் கண்டவர் இல்லை. கொத்தனார் செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் யார் மாடி எடுக்கிறார்கள், மணல் என்ன விலை விற்கிறது என்றெல்லாம் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். உயிரோடிருந்த நாளில் இவ்வளவு பேசியதில்லை என்று அவரே ஒருமுறை சொன்னார்.

இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நிலையத்துக்குப் புதிய தண்ணீர்த் தொட்டி வந்தது, மருத்துவர்கள் மூவர் மாறினர், கொத்தனாரின் மனைவி மட்டும் நிறைமாதமாகவே இருந்தாள். மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததோடு நில்லாமல், கர்ப்பகாலப் பரிசோதனையில் சிறந்த நிலையம் என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அலுவலர் ஒருவர். எதையும் விழுக்காட்டில் சொல்லும் வழக்கமுடையவர் என்பதால் ஊரில் அவருக்குச் சதவீதம் என்று பெயர்.

"நாலு தடவை வந்தாலே போதும்னுதான் சிஸ்டர் இலக்கு. உங்ககிட்ட ஒரே அம்மா நூறு தடவைக்கு மேல வந்திருக்காங்க. சராசரி எங்கயோ போயிடுச்சு."

"வண்டி கேட்டு எழுதியிருந்தேனே சார்?"

"சாவே இல்லாத இடத்துக்கு வண்டி எதுக்கு? சாவு இருக்கிற இடத்துக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. உங்க கட்டம் சுத்தமா இருக்கு."

"கட்டம் சுத்தமாத்தான் இருக்கு. இந்தப் பெஞ்சைப் பாத்தீங்களா?"

சதவீதம் பார்த்தார். கொத்தனாரின் மனைவி வணக்கம் சொன்னாள். அவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டு, "பெஞ்சுக்குக் கட்டம் இல்லையே சிஸ்டர்" என்றார். கேடயத்தை மாட்ட ஆணி இருக்கிறதா என்று கேட்டார்.

2018ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் இறந்தவளின் தங்கை கருவுற்று அதே பெஞ்சுக்கு வந்தாள். தையற்கடை வைத்திருந்தவள், வாய்த்துடுக்கு மிக்கவள். அக்காளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தள்ளு, செத்தும் இடத்தை விடமாட்டேங்கிற" என்றாள். அக்காளுக்குச் சிரிப்பு வந்ததைப் பலர் பார்த்தார்கள். ஏழாம் மாதத்தில், அக்காளுக்கு இருந்ததைப் போலவே, தங்கைக்கும் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. எந்த நேரமும் இரத்தம் கொட்டலாம். நிலையத்தில் வண்டி இல்லை. கேட் இருந்த இடத்தில்தான் இருந்தது. மருத்துவமனைக்கருகில் போய்த் தங்கு என்று செவிலியர் மன்றாடினார். கடையை மூடினால் சோற்றுக்கு யார் வழி என்று கேட்டாள் தங்கை. அந்தச் செவ்வாயன்று கொத்தனாரின் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தங்கையின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இவளுக்காச்சும் வண்டி வந்துடுமா சிஸ்டர்?" என்றாள். 

செவிலியர் கொத்தனாரைத் தனியே அழைத்து, அவள் இறப்பைக் கணக்கில் எழுதினால் என்னவாகும் என்று தாம் நினைப்பதைச் சொன்னார். கொத்தனார் விரல்களில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். "எழுதினா இவ வரமாட்டா, அப்படித்தானே?" என்றார். "எழுதலைன்னா இன்னொருத்தியும் வர ஆரம்பிச்சுடுவா" என்றார் செவிலியர். கொத்தனார் தலையசைத்தார். "எழுதிடுங்க. ஆனா நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்."

மறுநாள் செவிலியர் மாவட்ட அலுவலகத்தில் சதவீதத்தின் கணினிக்கு எதிரே உட்கார்ந்தார். கர்ப்பிணி இறப்பு ஒன்று, இரண்டாண்டுக்கு மேற்பட்ட தாமதத்துடன். இடம் கேட்டது கணினி. "வழின்னு ஒண்ணு இதுல கிடையாது சிஸ்டர்" என்றார் சதவீதம். "காலியா விட்டா தள்ளிடும். உங்க நிலையம்னு போட்டா விசாரணை வரும். கேடயம் போகும், சம்பள உயர்வு நிக்கும். உங்க தலையிலயா போட்டுக்கிறீங்க?"

"என் பெஞ்சுலதானே உக்காந்திருக்கா. என் தலையிலயே போடுங்க. அப்புறம், அந்த நூத்திப்பத்து எழுபதையும் எடுத்துடுங்க. எல்லாமே பொய்."

சதவீதம் நிலையம் என்ற கட்டத்தில் ஒன்று என்ற எண்ணைத் தம் கையாலேயே தட்டினார். திரை சிவந்தது.

அடுத்த செவ்வாயன்றும் அவள் வந்தாள். கொத்தனார் அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் அட்டையைச் செவிலியரின் மேசைமேல் வைத்துவிட்டு, தங்கையின் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். கொத்தனார் உடன் நடந்தார். கேட் திறந்திருந்தது. அவள் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அவர் இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்.

விசாரணைக்கு ஐவர் வந்தனர். கேடயம் போயிற்று, சம்பள உயர்வு நின்றது. செவிலியருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆணையும் வந்தது. இவர் இடத்துக்கு வர ஒருவரும் இசையாததால் அது அப்படியே கிடக்கிறது. ஐவரில் ஒருவர் நேர்மையானவர். அவர் கேட் அருகே கடிகாரத்தோடு நின்று, சரக்கு ரயில் போய் முடியும்வரை பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினார். தங்கைக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த வாரத்தில் வண்டி வந்து நிலையத்தின் வாசலில் நின்றது. பத்து நாளைக்குள் அவளுக்கு இரத்தம் கொட்டியது. தொலைவென்று காய்கறி வண்டி அன்று தவிர்த்த மேம்பாலச் சாலையைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் தொடாமலே வண்டி மருத்துவமனையை அடைந்தது. பெண் குழந்தை; தாயும் நலம். அதன் எடையைச் செவிலியர் நேரில் போய், தராசில் இருமுறை வைத்துப் பார்த்து எழுதினார்.

அதன்பின் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். இந்த நிலையத்தில் எழுதுகிறார்கள் என்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆற்றுப் பாலத்தில் இறந்தவள், பேருந்தில் இறந்தவள், மாட்டு வண்டியில் பாதி வழியில் இறந்தவள் எனத் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்கள். பெண்கள் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். செவிலியர் பெயரையும், வண்டி நின்ற இடத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். சதவீதம் மாதக் கடைசியில் வந்து வாங்கிப்போய், உரிய நிலையங்களோடு சண்டை போட்டுப் பதிவேற்றுகிறார். எழுதப்பட்டவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இதுவரை நான்கு ஊர்களுக்கு வண்டி வந்திருக்கிறது. இப்போது பெஞ்சு இரண்டாகிவிட்டது.

படிவத்தில் இன்றும் மூன்றே கட்டங்கள்தாம். ஆகவே, வாசகரே, இந்த வாரமே உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போன மாதம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவருமில்லை என்றால், வழியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு எழாதீர்கள்.