அத்தை ஜோக் சொன்னால்

அத்தையின் முதுகுக்கடியில் தலையணையை மெல்ல நுழைத்துக்கொண்டிருந்தாள் அவள். துணி பட்டதுமே அத்தையின் கால் விரல்கள் விறைத்துக்கொண்டன. வாய் மட்டும் ஓயவில்லை.

"இந்தக் கட்டிலைச் செஞ்சவன் யாருன்னு கேட்டு வை மருமகளே. அவனை ஒரு நாள் இதுலயே படுக்க வைக்கணும்."

அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனாலும் அண்ணன் மகளை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். மருந்து வண்டியைத் தள்ளி வந்த நர்ஸ் சிரித்துவிட்டு, நேற்றுக் கொடுத்த அதே மாத்திரையை நீட்டினாள்.

"சிஸ்டர், முதுகெலும்பு வரைக்கும் புற்றுநோய் பரவியிருக்கு. இது கேக்காது. ஊசி எழுதச் சொல்லுங்க."

"சிரிச்சுப் பேசிட்டுதானே இருக்காங்க? சித்தாள் வேலை பாத்த உடம்பும்மா. இவங்களுக்கெல்லாம் வலி அவ்வளவாத் தெரியாது. நீ நர்சிங் ரெண்டாம் வருஷம்தானே, போகப் போகப் புரியும்."

எதிர்க்கட்டிலில் வங்கி மேலாளரின் அம்மா. அந்தம்மா முகம் சுளித்தாலே டாக்டர் வருவார், ஊசியும் வரும். அந்தம்மாவுக்கு வலி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அத்தைக்கும் இருக்கிறது என்றுதான் நாலு நாளாகச் சொல்கிறாள். அத்தை இனிப் பிழைக்க மாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போகிற உயிர் வலியில்லாமல் போகட்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அத்தை கல் சுமந்த இடங்களுக்குச் சின்ன வயதில் சாப்பாடு எடுத்துப் போனவள் அவள். சாரத்தில் ஏறும்போது முனகினால் மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார். அதனால் கழுத்து நடுங்கும்போதெல்லாம் பெண்கள் ஜோக் சொல்வார்கள். பாரம் கூடக் கூட ஜோக்கும் கூடும். இன்று விடிந்ததிலிருந்து அத்தை மூச்சு விடாமல் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே டூட்டி டாக்டரின் அறைக்குப் போனாள்.

"ஸ்டூடண்ட்ஸ் இங்க வரக் கூடாதுன்னு தெரியாதா?"

"ஸ்டூடண்டா வரல சார். எங்க அத்தைக்காக வந்தேன். வலி எப்படி இருக்குன்னு அவங்ககிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"ரவுண்ட்ஸ்ல ஜோக் அடிச்சுட்டு இருந்தாங்களே."

"தாங்க முடியாதப்பதான் ஜோக் அடிப்பாங்க. வந்து முதுகுல கை வெச்சுப் பாருங்க. நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

"பிரின்சிபால்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. எதுக்காகன்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் எழுந்து வந்து அத்தையின் முதுகைத் தொட்டார்.

"டாக்டர் கை கொத்தனார் கை மாதிரி..." என்று ஆரம்பித்த அத்தை முடிக்கவில்லை. தலையணை உறையைப் பல்லால் கடித்தாள். அவர் கையை எடுத்துவிட்டு ஊசி எழுதினார்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அத்தையின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. பேச்சு நின்றது. நெடுநேரம் கழித்து, "சும்மா இருக்கறது நல்லாத்தான்டி இருக்கு," என்றாள். பிறகு தூங்கினாள். சாயங்காலம் நோய் அந்தத் தூக்கத்திலேயே அவளைக் கொண்டுபோயிற்று.

"கடைசி வரைக்கும் சிரிச்சுட்டே இருந்தா என் தங்கச்சி," என்று அப்பா கண்ணைத் துடைத்தார்.

"இல்லப்பா. கடைசியாக் கொஞ்ச நேரம் சிரிக்காம இருந்தாங்க. அதுக்கே நாலு நாள் சண்டை போட வேண்டியிருந்தது."

அப்பா வெள்ளைத் துணியை எடுத்து அத்தையின் மேல் போர்த்தினார்.

உடலை ஸ்ட்ரெச்சரில் வைத்து வாசலை நோக்கித் தள்ளினார்கள். வாசலோரக் கட்டிலில் கால் முறிந்த காய்கறிக்காரி ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். "இந்தக் காலுக்கு மட்டும் லீவு குடுத்தாப் போதும் டாக்டர், நான் வியாபாரத்துக்குப் போய்க்கறேன்," என்றாள். அதே டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது.

"தள்ளும்மா," என்றார் அப்பா.

அவள் தள்ளவில்லை. கம்பியைப் பிடித்தபடி டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். வெள்ளைத் துணி மூடிய அத்தையைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, காய்கறிக்காரியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள்.