மூணாம் நம்பர் பட்டன்

...இந்த இடத்தில் சிரிப்பொலி போட்டிருக்கவே கூடாது, மாமனார் வேட்டியில் சாம்பார் கொட்டியதும் ஒரு நொடி சும்மா விட்டிருந்தால் பார்க்கிறவனே சிரித்திருப்பான், அவனை நம்பாமல் இவர்களே சிரித்துத் தொலைக்கிறார்கள், அப்புறம் ரேட்டிங் வரவில்லை வரவில்லை என்றால் எங்கிருந்து வரும்... ஞானமணி டிவிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். ஒன்று எரிந்தது, அது அவர். மூன்று எரிந்தது, அது மகள் ஷர்லி. இரண்டு எரியவில்லை, மனைவி அடைக்கலமேரி அடுப்படியில் இருக்கிறாள், ஐப்பசியிலிருந்து அவள் ஹாலில் உட்காருவதே இல்லை. ரேட்டிங் கம்பெனிக்காரர்கள் இந்தப் பெட்டியை மாட்டிய அன்று சொன்னார்கள், யார் டிவி பார்க்க உட்கார்ந்தாலும் அவரவர் நம்பரை அமுக்க வேண்டும், எழுந்தால் அணைக்க வேண்டும், வெளியில் மூச்சு விடக் கூடாது என்று. கீரமங்கலத்தில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத பெட்டி. ஷர்லிக்குத் தலைகால் புரியவில்லை, நம்ம ஒரு வீடு சிரிச்சா பல்லாயிரம் வீடு சிரிச்ச கணக்குப்பா என்றாள். பல்லாயிரம் வீடு... அப்படியும் இந்தக் காமெடி, 'காலிங்பெல் குடும்பம்', ஒரு வாரம்கூட முதல் ஐந்தில் வந்ததில்லை. மத்தியான சீரியலில் பாலில் விஷம் கலக்கிற மருமகளுக்குத்தான் முதலிடம். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான், அழுகிறவள்தான் நாளைக்கும் வந்து உட்காருகிறாள், சேனல்காரனுக்கு அது தெரியும், தெரிந்துதான் போன மாதம் இந்தக் கதையிலும் அந்த மாமனாருக்கு நெஞ்சுவலி வைத்தான். காமெடியில் ஒருவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டால் அப்புறம் அவன் எழுந்து வந்து என்ன சேட்டை பண்ணினாலும் சிரிப்பு வராது, இதை யார் அவர்களுக்குச் சொல்வது?

ஷர்லியை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கக்கூட இல்லை. விராலிமலை பக்கம் அவள் வேலைக்குப் போய்வந்த கம்பெனியின் வேன் கவிழ்ந்தது, போன் வந்தது, இவர் போய்ச் சேர்ந்தபோது துணியை விலக்கிக் காட்டினார்கள், அவ்வளவுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவெல்லாம் கிளம்பிய சாயங்காலம் டிவியைப் போட்டார், ஒன்றை அமுக்கினார், விரல் தானாக மூன்றுக்குப் போனது. பச்சைப் புள்ளி எரிந்தது. தப்புத்தான்... ஆனால் யாருக்கு நஷ்டம்? விளம்பரம் கொடுக்கிறவனுக்கு அறுபதை நெருங்கும் உரக்கடைக் கணக்கப்பிள்ளை எதற்கு, அவனுக்கு வயசுப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், ஷர்லி பார்த்தால்தான் இந்தக் கதை ஓடும், இது நின்றுபோனால் ஏழரை மணிக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? வாசலில் யாரோ சார் என்றார்கள். ரேட்டிங் கம்பெனியின் அன்புமொழி. மாதம் ஒருதரம் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன பழைய ஆள் மாறிவிட்டாராம், இந்தப் பையன் புதுசு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே தயங்கினான்.

"ரெண்டாம் நம்பர் எரியறதே இல்லைங்கய்யா. மூணாம் நம்பர் மத்தியான சீரியலுக்கும் ஓடுது, சாயங்காலம் இதுக்கும் ஓடுது. ஆள் மாத்தி அமுக்குறீங்களான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க."

மத்தியானமா? மத்தியானம் இவர் கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே இருப்பார், வீட்டில் இருப்பது... அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பாப்பா எங்கே என்று அவன் கேட்டதும், ஷிப்டு முடிந்து வந்துவிடுவாள் தம்பி என்று இவர் வாய் சொன்னது, மனசுக்குக் கூசவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அடைக்கலமேரி ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அவ இல்ல தம்பி. ஐப்பசியில போயிட்டா. நம்பரை எடுத்துருங்க."

அன்புமொழி போனை அணைத்துப் பையில் போட்டான். தெரியாதுங்கம்மா என்று தரையைப் பார்த்துச் சொன்னான், நாளைக்கு வந்து மாற்றிவிடுகிறேன் என்றான், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டான். நாளைக்கு... அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், எடுத்துருங்க என்று, மத்தியானம் அவளே அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள், அதுவும் எதற்கு, அந்த விஷப்பால் சீரியலுக்கு. அவளைக் கோபிக்க வேண்டும்போல் இருந்தது, வேறு யாரைக் கோபிக்க முடியும்? ஷர்லிக்கு அந்த அழுகை நாடகம் பிடிக்கவே பிடிக்காதே, அவளை ஏன் அதற்கு முன்னால் உட்கார வைத்தாய் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் பேசுவது எவ்வளவு பைத்தியம் என்று உறைத்தது. மேரிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லைபோல, நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"பிடிக்காதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? வேலை இல்லாம இருந்தாளே ஒரு வருஷம், தெனமும் நீங்க கடைக்குப் போனப்பொறம் எம்மடியில படுத்துக்கிட்டு அதைத்தான் பாத்துட்டிருப்பா. அழுவா. அப்பாட்ட சொல்லாதம்மா, சிரிப்பாருன்னு சொல்லுவா."

மேரி உள்ளே போகவில்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள், டிவியைப் பார்க்கவில்லை. விளம்பரம் முடிந்து மாமனார் மறுபடி வந்தார், புதுச் சட்டை, வேட்டி மாற்றியிருந்தார். ஞானமணிக்கு இப்போது நினைவுக்கு வந்தது, இந்தச் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஷர்லி நேராகச் சிரிக்க மாட்டாள், முதலில் திரும்பி இவர் முகத்தைப் பார்ப்பாள், இவர் சிரித்தால்தான் சிரிப்பாள், அதை இவர் பிரியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார், பிரியம்தான், இல்லையென்று யார் சொன்னது... ஆனால் மத்தியானத்தில் அழுதிருக்கிறாள். தினமும். யாரோ எழுதிக் கொடுத்ததை யாரோ நடிக்க, அதற்கு ஒரு பிள்ளை தினமும் அழுமா? வேறு என்ன இருந்தது அவளுக்கு? மேரிக்குத் தெரியுமா, கேட்டால் சொல்வாளா... அவர் சுவரோரம் திரும்பினார், மேரி, என்று ஆரம்பித்தார், அவள் நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளும் மகளிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்டதில்லை எனத் தெரிந்தது.