படர்க்கைக்குப் போன மாஸ்டரம்மா

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த பெண்ணின் வாயிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, ‘நான்’ என்ற சொல் போய்விட்டது. அதற்குச் சேர வேண்டிய வினைமுற்றுகளும் கூடவே போயின. நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்துவிட்டு அவள் சூப்பர்வைசரிடம், “அவ இதை மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவா” என்றாள். யார் என்று அவர் கேட்டதற்குத் தன்னையே தொட்டுக் காட்டினாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டதால் கம்பெனி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எந்தப் பூட்டையும் திறப்பார், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார் என்று தெருவில் பெயர் எடுத்தவர். அன்று சாயங்காலம், “அவளுக்குப் பசிக்குது” என்று மனைவி சொன்னதும், யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் பசிக்கிறது என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாள் அவர் அவளைக் கூட்டிப்போன டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் நாத்தனார். அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தும் டீச்சர் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பது மூன்றாவது கேள்வி. பாதிப் பிள்ளைகள் குளறுபடி செய்திருந்தார்கள். எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அண்ணி, “அவளுக்கு இடுப்பு கடுக்குது” என்றதும் டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“அண்ணி, நீங்க தன்மையிலேருந்து படர்க்கைக்குப் போயிட்டீங்க. ஆனா அதுலயும் ரெண்டு விதம் இருக்கு. எல்லார் மனசும் தெரிஞ்சு சொல்றது ஒண்ணு, ஒரே ஒருத்தர் மனசு மட்டும் தெரிஞ்சு சொல்றது ஒண்ணு. நீங்க எதுன்னு பாக்கணும்.” வாசலில் பூட்டைக் குடைந்துகொண்டிருந்த அண்ணனைக் காட்டினாள். “அவரு இப்ப என்ன நினைக்கிறாரு?”

“அது அவளுக்கு எப்படித் தெரியும்? பத்தொன்பது வருஷமா தெரியல” என்றாள் அண்ணி.

“அப்ப ஒரே மனசுதான். சரி, அந்த மனசுக்குள்ள என்ன இருக்கு?”

மாஸ்டரம்மா பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல், குரலில் நடுக்கமே இல்லாமல் சொன்னாள்.

“அவளுக்கு இடது மார்புல ஒரு கட்டி இருக்கு. எட்டு மாசமாச்சு. எல்லாரும் பயந்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. குளிக்கும்போது மட்டும் அழுதுக்குவா.”

வாசலில் திருப்புளி கீழே விழும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியின் டோக்கன் வரிசையில் முதல் ஆளாக நின்றவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த பூட்டு ரிப்பேர்காரர்.

ஆபரேஷன் நடந்தது. ஏழு மாதம் மருந்து ஏறியது, முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் பெரிய டாக்டர். மாஸ்டரம்மா தையல் போட்ட இடத்தைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அவளுக்குத் தச்சவரு கை ரொம்ப சுத்தம்” என்று தொழில்முறையாகப் பாராட்டினாள்.

உடம்பு தேறினால் ‘நான்’ திரும்பிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை, யாரும் தேடவுமில்லை. பூட்டு ரிப்பேர்காரருக்கு அது வசதியாகவும் போயிற்று. மனைவியின் முகத்தைப் பார்த்து நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வராத மனிதர், ஒரு நாள் டீ டம்ளரை நீட்டியபடி, “அவகிட்ட சொல்லிடு. அன்னிக்கு வாயத் திறந்து சொன்னாளே, அதுக்கு ரொம்ப நன்றின்னு” என்றார்.

“அவ கேட்டுக்கிட்டா. டீச்சருக்கும் சொல்லணுமாம்” என்றாள் மாஸ்டரம்மா.

அடுத்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். “அவரு, அவரோட தங்கச்சி, அப்புறம் அவ” என்றாள் மாஸ்டரம்மா. வந்தவர் அவளையும் சேர்த்து நான்கு என்று எழுதப் போனார்.

“மூணு பேர்தாங்க,” என்று உள்ளேயிருந்து பூட்டு ரிப்பேர்காரர் குரல் கொடுத்தார். “மூணு பேரும் நல்லா இருக்கோம்.”