என் கையில் மட்டும்

பதினோரு மணிக்கு வகுப்பு டீச்சர் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். "ஜன்னல் பக்கம் தலையக் காட்டிடாதம்மா. நீ கண்ணுல பட்டா உங்கிட்டதான் ஓடி வருவா." அன்றோடு அந்தச் சிறப்புப் பள்ளியில் என் பன்னிரண்டு வார ஆசிரியர் பயிற்சி முடிகிறது. பையில் ரெக்கார்டு நோட்டும் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட்டும் இருந்தன. வராந்தாச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, திருட வந்தவள் மாதிரி நின்றேன்.

உள்ளே சிட்டு இருந்தாள். ஒன்பது வயது, பேச்சு கிடையாது. தத்தித் தத்தி நடப்பதால் எல்லோருக்கும் அவள் சிட்டு. நான் வந்த புதிதில் ஒரு நாளைக்கு மூன்று தடவை துணியை நனைப்பாள். பாத்ரூம் போகவேண்டும் என்பதை எப்படியாவது தெரிவிக்கப் பழகாத பிள்ளைக்கு அடுத்த பருவம் பள்ளியில் இடமில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் தலைமை ஆசிரியை, எங்கள் பெரிய டீச்சர், அன்று வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். இடம் போனால் சிட்டு வீட்டில்தான். அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அவள் அம்மா தையல் கம்பெனி வேலையை விடவேண்டும்.

பாத்ரூம் படம் போட்ட அட்டை ஒன்றைச் செய்தேன். அவள் அதை எடுத்துவந்து என் கையில் வைத்தால் உடனே கூட்டிப்போவேன். ஐந்தாவது வாரம் தானாகவே வந்து வைத்தாள். பாத்ரூம் வாசலில் நின்று அழுதேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் வகுப்பில் ஒரு நாளும் நனைக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்து பார்த்தவர்கள் முழு மார்க் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அட்டையை மூன்று பேர் கையிலாவது கொடுக்கப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அட்டையைப் பழகாது, ஆளைத்தான் பழகும். இது எங்கள் படிப்பில் பால பாடம். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். "மாத்தி மாத்தி உக்காரும்மா, ஆயாம்மாகிட்டயும் குடுக்கட்டும்" என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னார். சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டினேன், செய்யவில்லை. அத்தனை பேரையும் தாண்டி அவள் என்னைத் தேடி வருவாளே, அதை விட மனசு வரவில்லை. நான்கு அக்காக்களுக்குப் பின்னால் பிறந்தவள் நான். என்னை யார் தேடியிருக்கிறார்கள்?

"வீட்டுல என் கையில வைக்கவே மாட்டேங்கறா டீச்சர். உங்ககிட்ட மட்டும் எப்பிடித்தான்..." என்று அவள் அம்மா ஒரு நாள் கேட்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன். பெற்றவள் அப்படிக் கேட்கிறாள், எனக்குப் பெருமை. அடிப்பாவி!

கதவிடுக்கில் பார்த்தேன். சிட்டு எழுந்தாள், அட்டையை எடுத்தாள். டீச்சர் கை நீட்டினார். ஆயாம்மா கை நீட்டினாள். ஃபைலோடு உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர்கூட நீட்டினார். மூன்று பேரையும் தாண்டி என் நாற்காலிக்குப் போய் அதைத் தட்டினாள். குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள். நான் கதவில் கை வைத்தேன். டீச்சர் உள்ளிருந்தே வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்குள் அவள் காலடியில் தரை நனைந்துவிட்டது.

"லீவு முடிஞ்சு முதல் வாரம் இன்னொரு தடவை பாக்கறேன்" என்றார் பெரிய டீச்சர். "அப்பவும் இப்பிடின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"லீவுல நான் அவங்க வீட்டுக்குப் போய்..."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் தாயே" என்றார் வகுப்பு டீச்சர். "அவ கண்ணுல படாம இரு, அது போதும்." ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயந்திரம் வாசலில் சிட்டுவின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"இப்பிடி ஆகும்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகள் முன்னால் மண்டியிட்டு, அட்டையை அவளிடம் கொடுத்து, உள்ளங்கையை விரித்தாள். "அம்மாகிட்ட குடுடி. அம்மாடி நான்." சிட்டு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் விறுவிறுவென்று நடந்து, பள்ளி வேனுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன்.

வேனுக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் அம்மாவின் முட்டிகள் மண்ணில் இருந்தன. சிட்டுவின் கால்கள் இரண்டும் என் பக்கமே திரும்பி நின்றன.