தரையிலிருந்து கண் வரை

"திருகிப் பாரு," என்றாள் அக்கா.

கட்டிலுக்கு எதிரே நின்ற கேமரா ஸ்டாண்டின் உச்சியை இரண்டு கைகளாலும் பிடித்து, துணி பிழிவது போல ஒரு பக்கமாகத் திருகினான் தம்பி. மேலே எதுவும் பொருத்தாத வெறும் கால்கள். கறுப்பாக, மெலிதாக, புதுசு போலப் பளபளத்தன.

"விடு."

விட்டான். உச்சி மெல்ல, வெட்கப்படுவது போல, பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது.

"பாத்தியா? நீ கேமராவை அழகாத் திருப்பி நிறுத்திட்டுக் கையை எடுப்ப. இது உனக்குத் தெரியாம படத்தைப் பின்னாடி இழுத்துட்டு வந்துரும்." அதற்குள் மூச்சு வாங்கியது. சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். அறையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். "மேல கேமராவைத் தாங்கற கழுத்து எவ்வளவு நல்லா இருந்தாலும், கால் பொய் சொன்னா போச்சு. அடுத்தது."

அடுத்ததைப் பிரித்து வைத்தார் செகண்ட்ஸ். பழைய கேமராச் சாமான்களை வாங்கி விற்பவர். அந்தப் பெயராலேயே எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் யார் வீட்டுக்கும் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர் இல்லை. அக்கா கூப்பிட்டாள் என்று மாடி ஏறி வந்திருந்தார். உள்ளே நுழைந்தபோது கட்டிலில் கிடந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பதைத் தம்பி கவனித்தான். அவள் வாயைத் திறந்து, "என்ன, வழக்கம்போல நல்லதை வண்டியிலேயே ஒளிச்சு வெச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அவர் முகத்துக்கு உயிர் வந்தது.

மறுநாள் மழலையர் பள்ளி ஒன்றில் படப்பிடிப்பு. அக்கா ஒப்புக்கொண்ட வேலை. இத்தனை வருடமாக அவள் கேமராவின் பின்னால் நிற்க, அவன் ஒலியைப் பார்த்துக்கொள்வான். முதல்முறையாகக் கேமராவைப் பிடிக்க அவன் தனியாகப் போக வேண்டும். அவர்களிடம் இருந்த பழைய ஸ்டாண்டின் கால்களில் ஒன்று பூட்டினாலும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற காசுக்கு ஒரே ஒரு செட் கால்கள்தான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் அதோடுதான் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்த வேண்டும். தப்பைச் சுட்டிக்காட்ட அவள் இருக்க மாட்டாள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு மொதல்ல பாத்ததே பிடிச்சிருக்கு," என்றான் தம்பி. "வெயிட்டே இல்லக்கா. தனியாத் தூக்கிட்டு அலையறது நான்தானே."

"உனக்கு மினுக்கினா போதும். பொண்ணு பாக்கப் போனப்பவும் அப்படித்தான்."

"அந்தப் பொண்ணுதான் வேணாம்னு சொல்லிட்டுதே."

"அதுக்கு விவரம் இருந்திருக்கு."

வாசலோரம் நின்ற மாமா, அக்காவின் கணவர், சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டாவதை அவள் திருகக்கூடச் சொல்லவில்லை. பூட்டுகளைத் திறந்து மூடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உள்ள மணல் இருக்கு. கடற்கரையில வேலை பாத்தது," என்றாள். செகண்ட்ஸ் மறுக்கவில்லை.

மூன்றாவது, பார்க்கச் சகிக்காத ஒன்று. சாயம் உரிந்து, ஒரு பாதத்தில் வேறு எதனுடையதோ ரப்பர் மாட்டி, யாரோ பச்சை நாடா சுற்றியிருந்தார்கள். தம்பி திருகினான். சுவரைத் திருகியது போல இருந்தது.

"அப்படியே கீழ இறக்கு. அடிமட்டம் வரைக்கும்."

இறக்கினான். இடுப்புக்குக் கீழே வந்து நின்றது.

"இன்னும்."

"அவ்வளவுதான்கா. நடுக்கட்டு தடுக்குது."

"கழட்டு."

"கழலும்மா," என்றார் செகண்ட்ஸ். "யாரும் கழட்டறதில்ல. கால் அகண்டு போயிரும்னு பயம்."

மூன்று கால்களையும் பிணைத்திருந்த நடுக்கட்டைக் கழற்றியதும் அது அகலமாகக் கால் பரப்பி, தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டது. அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

"கேமராவை மாட்டி வை. என் கண்ணுக்கு நேரா."

தன்னைப் படம் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தான் தம்பி. பிறர் முகங்களையே எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அவள் முகம் உள்ள படம் ஒன்றுகூடச் சரியாக இல்லை. கேமராவை மாட்டிவிட்டு லென்ஸ் மூடிக்குக் கை கொண்டுபோனான்.

"மூடி இருக்கட்டும்."

"அப்புறம் எப்படிக்கா?"

அவள் மாமாவைக் கூப்பிட்டு, "எனக்கு அடியில இருந்து ஒரு தலையணையை எடுங்க," என்றாள். எடுத்தார். அவள் வலது கை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. தம்பி அதைத் தூக்கிப் போர்வைக்கு மேல் வைத்தான். அவள் மறுபடியும் தொங்கவிட்டாள். விரல் நுனிகள் தரையைத் தொட்டன.

"இப்ப நேரா இருக்கா?"

கேமராவை ஒரு விரற்கடை இறக்கினான். "இருக்கு."

"பூட்டு. நல்லா இறுக்கு. இனிமே அதைத் தொடாத."

பூட்டினான். அவள் ஸ்டாண்டின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரி தைத்து முடித்த துணியைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது போல.

மற்ற இரண்டையும் வண்டியில் ஏற்றத் தம்பி கீழே போனான். செகண்ட்ஸ் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் வண்டியின் மேல் கை வைத்து நின்றார். "உங்கக்காகிட்ட ஒரு தடவைகூட நான் ஏமாத்தி ஜெயிச்சதில்ல தம்பி," என்றார். பிறகு கிளம்பினார்.

தம்பி மாடி ஏறி வந்தபோது மாமா கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தொங்கிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மூடிய லென்ஸோடு கேமரா அவள் கண்ணுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தக் கால்களைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, "இதை மடக்கி வெச்சிரலாமாப்பா?" என்று கேட்டார் மாமா.

"வேணாம் மாமா."

"அன்னிக்கு எதுக்குத் தலையணையை எடுக்கச் சொன்னான்னு யோசிச்சிட்டே இருக்கேன். முதுகு வலியா இருக்குமோ?"

தம்பிக்குத் தெரியவில்லை.

தள்ளிப்போட்ட படப்பிடிப்புக்குப் பள்ளி வேறொரு நாளைக் கொடுத்தது. தம்பி கால்களைச் சேர்த்துக் கட்டினான், பூட்டுகளைத் தளர்த்தவில்லை. கனம் தோளை அழுத்தியது. வழியெல்லாம் கை மாற்றிக்கொண்டே போனான்.

வகுப்பறையில் குட்டி நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. டீச்சர் அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா வந்து பாத்துட்டுப் போனாங்களே, அப்பவே உடம்பு முடியல போல. தரையில உக்காந்துட்டாங்க. என்னடா இதுன்னு பாத்தா, நாற்காலியில உக்காந்திருந்த ஒரு பிள்ளை பக்கத்துல நகர்ந்து போயி, அது கண்ணுக்கு நேரா தன் தோளைக் கொண்டுவந்து, கையைத் தொங்கவிட்டாங்க. விரல் தரையில பட்டுது. 'சரியா ஒரு கை உயரம்'னு அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க. அளக்கற டேப் தரட்டுமான்னு கேட்டேன். கையைக் காட்டி, 'இதை நான் எங்கயும் மறந்து வெச்சிட்டு வர மாட்டேன்'னாங்க."

தம்பி ஸ்டாண்டின் இறுகிய பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். டீச்சர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலிகளைச் சரிசெய்யப் போனார்.

அவன் கால்களை விரித்து வைத்தான். பச்சை நாடாவைப் பார்த்த ஒரு சிறுமி, "இதுக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா. இப்பச் சரியாயிடுச்சு."

"நான் எங்க பாக்கணும்?"

"உனக்கு எங்க பாக்கணும்னு தோணுதோ, அங்க."

சிறுமி எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தம்பி தரையில் மண்டியிட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். உயரத்தில் ஒன்றும் மாற்றவேண்டியிருக்கவில்லை. குனியாமல், நிமிராமல், சிறுமி நேராக அவனைப் பார்த்தாள்.

ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குக் கேமராவை மெல்லத் திருப்பிக்கொண்டு போய், கடைசிக் குழந்தையிடம் நிறுத்தினான். பிறகு கையை எடுத்தான்.

படம் விட்ட இடத்திலேயே நின்றது.