லாரி வருவதற்குள் புல் மெஷின்

பழைய இரும்பு லாரியின் ஒலிபெருக்கி மூன்று தெரு தள்ளிக் கேட்டபோது, ஜெகதீஸ்வரி வீட்டு முன்புறப் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கார்புரேட்டர்.

“சூராட் காபார் லாமா… பெசி பூரோக்…”

பழைய பேப்பர், பழைய இரும்பு என்று மலாயில் கூவிக்கொண்டு வந்தது. கெடு அதுதான். லாரி வாசலுக்கு வருவதற்குள் புல் வெட்டும் பழைய மெஷின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் லாரியில் ஏறும். சாயங்காலம் புது மெஷின் வாங்கப்படும். கணவன் மோகனராஜ் போட்ட விதி. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக மெஷின்களுக்கு உயிர் கொடுப்பவள், ரோஷத்தில் சரியென்று சொல்லிவிட்டாள். தோற்றால், இனி அவள் மிக்சியைத் தொட்டால்கூட அவன் தொண்டையைக் கனைப்பான்.

காய்ந்த பெட்ரோல் பிசின் மாதிரி துளையை அடைத்திருந்தது. குத்த மெல்லிய கம்பி வேண்டும். கைக்கு எட்டியது ஒரு வயர். ஒரே நறுக்.

“ஈஸ்வரி, அது என்னோட சார்ஜர் லா.”

“உங்களோடதாதான் இருந்துச்சு.”

செப்பு இழை ஒன்றை உருவித் துழாவினாள். துளையில் வெளிச்சம் தெரிந்தது. மளமளவென்று மாட்டினாள், புதுப் பெட்ரோல் ஊற்றினாள், கயிற்றை இழுத்தாள். ஏழு தடவை. மெஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை.

“லாரிக்குக் கை காட்டட்டுமா?” மைலோவை உறிஞ்சியபடி கேட்டான் மோகனராஜ்.

“காட்டுங்க. காலையிலேர்ந்து அந்தக் கைக்கு வேற வேலையே இல்ல.”

லாரி வந்தே விட்டது. வாரந்தோறும் வரும் ஜெயராஜ் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினான். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து குனிந்தான்.

“அக்கா, தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? இந்த வயரு ஏன் தனியாத் தொங்குது?”

அவளுக்கு முகம் சூடேறியது. ஸ்பார்க் ப்ளக் வயர். அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. திறக்குமுன் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம், ஒழுங்காகக் கழற்றியிருந்தாள். திரும்ப மாட்டத்தான் மறந்துவிட்டாள்.

“லாரி வந்தாச்சு. ஆட்டம் முடிஞ்சுது,” என்றான் மோகனராஜ்.

“எங்க வந்துச்சு? நீ சொல்லு தம்பி,” என்றாள் வயரை அழுத்திக்கொண்டே.

ஜெயராஜ் திரும்பித் தன் லாரியைப் பார்த்தான். நன்றாக யோசித்தான்.

“அண்ணே, பின்சக்கரம் ரெண்டும் இன்னும் பக்கத்து வீட்டு வாசல்லதான் நிக்குது.”

அவ்வளவு போதும். ஒரே இழுப்பு. கரும்புகை கக்கிக்கொண்டு மெஷின் அலறிய அலறலில் ஒலிபெருக்கி இருந்த இடம் தெரியவில்லை. ஜெகதீஸ்வரி தள்ளினாள். புல் பறந்து மோகனராஜின் இடுப்புச் சாரத்தில் ஒட்டியது, மைலோவில் மிதந்தது. வீட்டுப் புல் தீர்ந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டோரப் புல்லிலும் இறங்கினாள். ஜெயராஜ் ஓடிப்போய் லாரியைப் பின்னால் எடுத்து வழிவிட்டான்.

மோகனராஜ் கத்திக்கொண்டே துரத்தி வந்தான். சண்டைக்குத்தான் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தள்ளினாள். பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

“எனக்கும் ஒரு ரவுண்டு குடு, ஈஸ்வரி.”

லாரி ஜன்னல் வழியே ஜெயராஜ் தலையை நீட்டினான்.

“லைன்ல நில்லுங்கண்ணே. வயரைக் கண்டுபிடிச்சது நான் லா.”