நீலத்தின் பக்கம் வளைந்த நூல்

என்னைக் கேட்காமலே என் நாற்காலியை எடுத்துப் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் போட்டிருந்தான் அண்ணன். அதன்மேல் ஒரு மெத்தைத் துண்டு வேறு. இத்தனை வருஷம் இடுப்பு ஒடியக் கண்ணாடி உருக்கும் கேஸ் டார்ச் முன்னால் உட்கார்ந்தபோது வராத மெத்தை, என்னைத் துரத்தும்போது வந்துவிட்டது.

"உக்காரு கடுகு. கொஞ்ச நாளைக்கு டப்பால அடுக்கற வேலையப் பாரு," என்றான்.

கடுகு என்பது வீட்டில் எனக்கு வைத்த பெயர். எண்ணெய் காய்வதற்குள்ளேயே வெடித்துவிடுவேனாம். ஆனால் இந்தத் தடவை வெடித்தது நான் இல்லை, மணிகள்.

நானும் அண்ணனும் எதிரெதிரே இரண்டு டார்ச் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கம்பியைத் தீயில் உருக்கி, மெல்லிய இரும்புக் கம்பியில் சுற்றி மணி செய்கிறவர்கள். பட்டறையைப் பெருக்குவதும் மணிகளை டப்பாவில் அடுக்குவதும் அம்மா. கடைசியாக அனுப்பியவை நீல மணிகள். உள்ளே நீலம், மேலே நிறமில்லாத தெளிவுக் கண்ணாடியில் ஓர் உறை. எல்லாமே என் கையால் செய்தவை. கடையில் மாலையாகக் கோத்த பிறகு அவற்றில் பாதி கீறல் விட்டுவிட்டன. கடைக்காரம்மா மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு மதியம் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்து நிற்கும்போது நான் டார்ச் முன்னால் இருக்கக் கூடாது என்பது அண்ணனின் ஏற்பாடு.

"கண்ணாடில கோளாறுன்னா எல்லாமே வெடிச்சிருக்கணும். பாதி நல்லா இருக்கு, பாதி வெடிச்சிருக்கு. அப்போ கோளாறு கையிலதானே?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். ஆனால் என் கையை எனக்குத் தெரியும். சூளையில் மெல்ல ஆறாத மணி வெடிக்கும் என்று தெரிந்து, அதில் கால் மணி நேரம்கூடக் குறைத்தவள் இல்லை நான்.

"உறை போடாத நீல மணி ஒண்ணாவது வெடிச்சுதா?"

"இல்ல."

"அதையும் இதே கைதானே செஞ்சுது?"

"உறை போடறப்போ நீ அவசரப்படற."

"தெளிவுக் கம்பி சில சமயம் உருகவே லேட்டாகுதுன்னு நான் அப்பவே சொன்னேன். கேஸ் கம்மியா வருதுன்னு நீதான் வாய அடைச்ச."

"கம்மியாத்தான் வந்துச்சு."

அவனோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. சுவராவது பதில் சொல்லாது.

"விட்டுக்குடுத்துப் போயேன்டி. அண்ணன்தானே," என்றாள் அம்மா, துடைப்பத்தை நிறுத்தாமல்.

"அப்போ அண்ணனே உக்காரட்டும் அந்த மெத்தையில."

நான் உட்காரவில்லை. டார்ச் முன்னால் நாற்காலி இல்லாமலே நின்றேன். வேண்டுமானால் என்னையும் தூக்கிக்கொண்டுபோய்ப் போடட்டும்.

அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் நல்லா வாய் பேசுங்க. தினம் காலையில ஜாடியில கெடக்கற ஒடிசலையெல்லாம் பொறுக்கிக் கொட்டறது நான். நீங்க ஒட்டி வைக்கற கம்பி, ராத்திரியில தானாவே ஒடிஞ்சு கெடக்குது. ஒழுங்கா ஒட்டவாவது தெரியுதா உங்களுக்கு?"

எங்கள் பட்டறையில் பொட்டுக் கண்ணாடிகூட வீணாகாது. கம்பி உருகி உருகி விரல் நீளத்துக்கு வந்துவிட்டால், சூடு ஏறிப் பிடிக்க முடியாது. அந்தக் கட்டையைப் புதுக் கம்பியின் நுனியில் உருக்கி ஒட்டி ஜாடியில் நிறுத்திவிடுவோம். அடுத்து எடுக்கிறவர் கட்டையிலிருந்து தொடங்குவார். இதைக் கஞ்சத்தனம் என்று ஊர் சொல்லலாம், நாங்கள் சிக்கனம் என்போம்.

"எந்த ஜாடிம்மா?" என்றேன்.

"தெளிவு ஜாடிதான்."

"நீலத்துல?"

"அதுல ஒண்ணும் ஒடியலையே."

துடைப்பத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நீலத்தோடு நீலத்தை ஒட்டுவதும் இதே கைகள்தான், தெளிவோடு தெளிவை ஒட்டுவதும் இதே கைகள்தான். ஒன்று நிற்கிறது, ஒன்று ஒடிகிறது என்றால், தெளிவு ஜாடியில் இருப்பது ஒரே கண்ணாடி இல்லை.

ஜாடியிலிருந்து ஒட்டாத கம்பிகளாகச் சிலவற்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நிறம் ஒன்று, பருமன் ஒன்று. மேசையில் தட்டினால் சத்தம்கூட ஒன்றுதான். கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடவே இல்லை.

"அண்ணா, இந்த ஜாடில என்ன போட்ட?"

"தெளிவுக் கம்பி. வேற என்ன?"

"எங்க வாங்கின?"

அவன் மூக்கைத் தேய்த்தான். சின்ன வயதிலிருந்து மாட்டிக்கொண்டால் மூக்கைத்தான் தேய்ப்பான்.

"வழக்கமான ஆள்கிட்ட சரக்கு தீந்துபோச்சு. வேற கடையில வாங்கினேன். ஜாடில பாதி எடம் இருந்துச்சு, சொருகிட்டேன். அதுவும் தெளிவு, இதுவும் தெளிவு. இதுல என்ன இருக்கு?"

புது நிறம் எது வந்தாலும், இருக்கிற கண்ணாடியோடு சேர்த்து உருக்கி நூலாக இழுத்து, வளைகிறதா என்று பார்க்காமல் நாங்கள் தொடுவதில்லை. தெளிவுக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தெளிவு என்றாலே எங்களுக்குத் தண்ணீர் மாதிரி, எதோடும் சேரும் என்று ஒரு நினைப்பு.

டார்ச்சைப் பற்றவைத்தேன். ஒரு கையில் நீலம், ஒரு கையில் தெளிவு. இரண்டு நுனிகளையும் உருக்கிப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தேன். நீளமாக ஒரு நூல் வந்தது, ஒரு பாதி நீலம், ஒரு பாதி தெளிவு. ஆறிய பிறகும் நேராகவே நின்றது.

"பாத்தியா?" என்றான் அண்ணன். முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்!

"இரு. ஜாடில இன்னும் கம்பி இருக்கு."

அடுத்த கம்பியும் நேர். அதற்கடுத்தது ஆற ஆற வளைந்தது. நீலம் உள்பக்கம், தெளிவு வெளிப்பக்கமாக வில்போல வளைந்து நின்றது. நீலம் ஆறும்போது அதிகமாகச் சுருங்குகிறது, இந்தத் தெளிவு அவ்வளவு சுருங்கவில்லை. நூலாக இருந்தால் வளைந்து தப்பிக்கும். மணிக்குள் வளைய இடமில்லை, இழுத்து இழுத்து ஒருநாள் வெடிக்கும்.

"இழுக்கறப்போ நீ வளைச்சுட்ட," என்றான்.

"அப்போ நீ இழு."

நியாயமாகச் சொல்ல வேண்டும். நூல் இழுப்பதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. அதே கம்பியை நீலத்தோடு சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இழுத்தான். அளவுகோல்போல நேராக வந்த நூல், அவன் கையிலேயே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலத்தின் பக்கம் வளைந்தது.

அவன் டார்ச்சை அணைத்தான். பிறகு குரலை இறக்கி, "சரி, கண்ணாடிதான். ஆனா அந்தம்மாகிட்ட சொல்லாத. பாக்காம வாங்கிக் கலந்துட்டோம்னு தெரிஞ்சா நம்ம பட்டறை பேரே போயிடும். கை சரியில்ல, மாத்தியாச்சுன்னா ஒரே பேச்சுல முடிஞ்சுது. உன் எடம் உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்," என்றான்.

"பட்டறைக்குப் பேர் இருக்கு. எனக்கு இல்லையா?"

"வீட்டுக்குள்ள என்னடி பேரு?"

அழுகை வந்தது, கோபத்தில்தான். அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினான். நான் நகர்ந்துகொண்டேன். வளைந்த நூலை எடுத்து வேலை ஏப்ரன் பாக்கெட்டில் பத்திரமாக வைத்தேன்.

கடைக்காரம்மா சொன்னபடி மதியம் வந்தார். மிச்ச மணிகள் இருந்த பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, டார்ச் முன்னால் நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"செஞ்ச கைய மாத்திட்டேன்னு காலையில போன்ல சொன்னீங்களே?"

காலையிலேயே! நான் பட்டறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே என் கையை விற்றுவிட்டான். அண்ணன் மூக்கைத் தேய்த்தான்.

"மேடம், செஞ்சது நான். கை மாறல. மாறினது கண்ணாடி," என்றேன்.

"கடுகு!" என்றான் அண்ணன்.

"வெடிக்க விடு," என்றாள் அம்மா.

நூலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நீலம் எந்தப் பக்கம், தெளிவு எந்தப் பக்கம், ஏன் வளைந்தது, ஜாடியில் எப்படிக் கலந்தது, எதையும் மறைக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இதுல இருக்கற நல்ல மணி?"

"பாத்துச் சொல்ல முடியாது மேடம். எதுக்குள்ள எந்தக் கண்ணாடின்னு எனக்கே தெரியாது. மொத்தமா குடுத்துடுங்க, புதுசா செஞ்சு தரோம்."

அண்ணன் இருமினான்.

"யாரு செய்வாங்க?" என்று கேட்டார்.

"நான்தான். வேற ஆள் வேணும்னா இந்த நீல மணி கிடைக்காது."

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பெட்டியை அண்ணனைத் தாண்டிக் கொண்டுவந்து என் டார்ச் பக்கத்தில் வைத்தார்.

"இழுத்துப் பாத்துட்டுச் செய்யுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி ஜாடியில் உள்ள ஒவ்வொரு கம்பியையும், ஒட்டிய இடத்தில் உடைத்து, ஒவ்வொரு துண்டாக நூல் இழுத்தாக வேண்டும். நான் இழுப்பேன். நேரா, வளைவா என்று பார்த்து இரண்டு ஜாடியில் யாராவது பிரிக்க வேண்டும். அம்மா பேக்கிங் மேசையில் இரண்டு காலி ஜாடிகளை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் முனகிக்கொண்டே தன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டான்.

நான் போய் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். அதன்மேல் இருந்த மெத்தையை உருவி அவனிடம் வீசினேன்.

"இந்தா. ரொம்ப நேரம் உக்காரணும், இடுப்பு ஒடியும்."